வல்வைப் பட்டங்கள்

எட்டத்தில் உள்ள ஒரு பொருளைத் தொடாமலே இயக்கவேண்டும் என்பது மனிதனின் பழைய ஆசைகளுள் ஒன்று. 1898ஆம் ஆண்டில் நிக்கோலா தெஸ்லா என்னும் விஞ்ஞானி, நியூயோர்க் நகரிலே சிறு படகொன்றை நீர்த்தொட்டியில் மிதக்கவிட்டு, வானொலி அலைகளால் அதனைத் திருப்பிக் காட்டினார். இன்று மேலைநாடுகளிலும் யப்பானிலும் அவ்வாசை ஒரு பொழுதுபோக்காகவே வளர்ந்துவிட்டது. யுத்த தாங்கிகளைப் பதினாறில் ஒரு பங்கு அளவிற் செய்து, வானொலி அலையால் ஓட்டி, ஒன்றோடொன்று பொரவிடுகின்றனர். அவை குண்டுக்குப் பதிலாகக் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிரைச் செலுத்தும். பலமுறை அடிபட்ட தாங்கி தானாகவே ஓய்ந்து நிற்கும். ஆட்டம் முடிந்ததும் உடையவர் அதனைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு வீடு செல்வார்.

உண்மையான தாங்கிகளைக் கண்ட தலைமுறை வாழும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இவ்விளையாட்டு எவ்வளவு சுவைக்குமோ! ஆயினும், தன் கையாற் கட்டிய ஒன்றைத் தொலைவில் நின்று ஆட்டுவித்து, அயலானின் ஆக்கத்தோடு போட்டியிடும் வேட்கை அங்கும் உண்டு. வானொலி அலையின் இடத்தில் ஒரு நூல். தாங்கியின் இடத்தில் ஒரு பட்டம். தைப்பொங்கல் நாளில் வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரைக்குச் செல்வோர் அதனைக் காணலாம்.

வாடைக்காற்று வீசும் மாதங்களே பட்டத்தின் பருவம். கொக்கு, பருந்து, வௌவால், பாம்பு, எட்டுமூலை எனப் பட்டங்கள் பலவகை. சிறுவர் ஈர்க்கிலும் தாளிலும் தொடங்குவர். வளர்ந்தோர் மூங்கிலைச் சீவி, எடையொத்துப் பார்த்து, வாரக்கணக்கில் உழைப்பர். இவ்வேலையில் உயிர்நிலையானது முச்சை. பட்டத்தின் உடலிலிருந்து வரும் நூல்கள் கூடி முடிச்சாகும் இடம் அது. அம்முடிச்சு ஒரு விரற்கடை மேலேறினால் பட்டம் காற்றை வாங்காது படபடக்கும். கீழிறங்கினால் காற்றை மிகுதியாக வாங்கிக் கையை இழுக்கும், அல்லது சுழன்று விழும். இதற்கு எழுதிவைத்த கணக்கு எதனையும் அவர்கள் நாடுவதில்லை. கைக்குத் தெரியும்.

அந்தக் கை எங்கே பழகியது என்று கேட்பின், கடலைத்தான் காட்டவேண்டும். வல்வெட்டித்துறை பாய்க்கப்பல் கட்டிய ஊர். அங்கே 1930இற் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் கப்பல், பெயர் மாற்றப்பெற்று, 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தைச் சென்றடைந்தது. பாயைக் காற்றுக்குச் சரித்துக் கயிற்றை இறுக்கவும் தளர்த்தவும் அறிந்தவர்களின் வழிவந்தோர் முச்சை கட்டுவதில் வல்லவராதல் இயல்பே.

பட்டத்தின் மேற்புறத்தில் வில்லாக வளைத்து, நார் கட்டிப் பொருத்துவது விண். காற்றில் அந்நார் அதிர்ந்து கூவும். முன்னர் பனைநார் கட்டினர். இப்பொழுது பொதி கட்டும் பிளாத்திக்கு நாடாவும் பயன்படுகிறது. மாலையில் இறக்காமல் மரத்திற் கட்டிவிடும் பட்டத்துக்கு இராக்கொடி என்று பெயர். அதன் ஓசை இரவு முழுவதும் ஊருக்குக் கேட்கும். உறக்கம் கெட்டவர்கள் ஏசுவதும் வழக்கந்தான். மின்கலமும் சிறு விளக்குகளும் பூட்டப்பெற்ற பட்டங்கள் இப்பொழுது இருளிலும் தெரிகின்றன.

அகமதாபாத்திலும் சென்னையிலும் கண்ணாடித்தூள் பூசிய நூலால் பிறர் பட்டத்தை அறுப்பதே வீரமெனக் கொள்வர். அந்நூலாற் கழுத்தறுந்து மாண்ட வழிப்போக்கரும் உண்டு. வல்வைப் போட்டியிலோ, எவர் நூலையும் எவரும் அறுப்பதில்லை. உருவத்தின் புதுமையும் அது வானில் நிற்கும் வகையுமே மதிக்கப்படும். எதிரி காற்று ஒன்றே.

அவ்வெதிரியும் எளியதன்று. காற்றின் வேகம் இருமடங்கானால் இழுப்பு நான்கு மடங்காகும். 2021 டிசம்பரில், பருத்தித்துறைப் பகுதியிற் பலர் கூடிப் பெரும் பட்டமொன்றை ஏற்றியபோது, மற்றவர்கள் கயிற்றைக் கைவிட, விடாது பற்றியிருந்த இளைஞர் ஒருவர் பட்டத்தோடு வானிற் சென்றார். முப்பது அடிக்குமேல் எழுந்து தொங்கியவர் கீழே விழுந்து, நல்லகாலமாக உயிர் பிழைத்தார். அக்காட்சி உலகமெங்கும் பரவியது. பெரும் பட்டத்தின் கயிற்றைக் கட்டைக்கோ மரத்துக்கோ முதலிலே கட்டிவிட்டுத்தான் ஏற்றவேண்டும். தனியொருவன் உடலையே நங்கூரமாக்குதல் கூடாது.

பொங்கல் அன்று கடற்கரையில் வாரக்கணக்கான உழைப்பு சில நிமிடங்களில் மணலில் விழுவதும் உண்டு. கட்டியவன் ஓடிச்சென்று முதலிற் பார்ப்பது கிழிந்த தாளையன்று, முச்சையைத்தான்.