சுபாருவோட உறுமல்: காசு கொடுத்து வாங்குற கோணல்

இந்த எபிசோட் முழுக்க ஒரே ஒரு சத்தத்தைப் பத்திதான்.

பழைய சுபாரு இம்ப்ரெசா டர்போ ஒண்ணு சிக்னல்ல நின்னா, சும்மா நிக்கும்போதே அடித்தொண்டையில உறுமும். நேர்ல கேக்காட்டியும் யூட்யூப்லயோ ரேஸிங் கேம்லயோ கண்டிப்பா கேட்டிருப்பீங்க. 1995-ல கொலின் மெக்ரே உலக ராலி சாம்பியன் ஆனது அந்த நீல இம்ப்ரெசாலதான். காட்டுக்குள்ள எங்கயோ வர்ற காரை, கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே சத்தத்தை வெச்சு "சுபாரு வருது"ன்னு சொல்லிடலாம். ஜப்பான்ல இந்தச் சத்தத்துக்கு 'டொரோ டொரோ'ன்னு ஒரு பேரே இருக்கு.

வேடிக்கை என்னன்னா, அந்த உறுமலை உக்காந்து டிசைன் பண்ணினவங்க யாரும் கிடையாது. இடம் இல்லாம ஒரு குழாயை வளைச்சுக் கொண்டுபோனதால வந்த பக்கவிளைவு அது. பின்னாடி வந்த என்ஜினியர்கள் அந்தக் கோணலைச் சரி பண்ணிட்டாங்க. சரி பண்ணின உடனே ரசிகர்கள் என்ன பண்ணாங்க? கைக்காசு போட்டுத் திரும்பவும் கோணலாக்கிக்கிட்டாங்க. இது முட்டாள்தனமான்னு கேட்டா, நான் இல்லைன்னுதான் சொல்லுவேன். ஆனா அந்தக் காசு எதுக்குப் போகுதுன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போடணும்.

சரி, என்ஜினுக்குள்ள போவோம். சுபாருவோடது பாக்ஸர் என்ஜின். நாலு சிலிண்டர், ரெண்டு வலது பக்கம் படுத்திருக்கும், ரெண்டு இடது பக்கம். 1, 3 வலது. 2, 4 இடது. வெடிக்கிற வரிசை 1-3-2-4. அதாவது வலது, வலது, இடது, இடது. கிராங்க் ஒவ்வொரு அரைச் சுத்து சுத்தும்போதும் ஒரு வெடி, ரொம்ப ஒழுங்கா. என்ஜின் மேல எந்தத் தப்பும் இல்லைங்கிறதை இங்கயே குறிச்சுக்குங்க. விவகாரமெல்லாம் அதுக்கு அப்புறம் இருக்கிற குழாயிலதான்.

சிலிண்டர்ல இருந்து புகை வெளிய வர்ற முதல் குழாய்க் கூட்டத்தை ஹெடர்னு சொல்லுவாங்க. பழைய டர்போ சுபாருல டர்போ வலது பக்கம் பின்னாடி உக்காந்திருக்கும். வலது சிலிண்டர்களுக்கு அது பக்கத்து வீடு. இடது சிலிண்டர்களோட புகை என்ஜினுக்கு அடியில குறுக்கே வந்து சேரணும். வழி நீளம், அதனால லேட்டா வரும்.

கையைத் தட்டிப் பாருங்க. தட், தட், தட், தட்னு சம இடைவெளியில நாலு தட்டு. இதுதான் சாதாரண நாலு சிலிண்டர் கார். இப்ப மூணாவது, நாலாவது தட்டை மட்டும் ஒரு துளி தாமதமாத் தட்டுங்க. ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுல கொஞ்சம் இழுக்கும். நாலாவதுக்கும் அடுத்த சுத்தோட முதல் தட்டுக்கும் நடுவுல கொஞ்சம் இடிக்கும். தாளம் நொண்டுதா? அந்த நொண்டிதான் சுபாரு.

நம்பர் பிடிச்சவங்களுக்காகக் கொஞ்சம் கணக்கு. 3000 ஆர்.பி.எம்.ல என்ஜின் செகண்டுக்கு 50 சுத்து. சுத்துக்கு ரெண்டு வெடி, ஆக 100 ஹெர்ட்ஸ். வெடியெல்லாம் சமமா வந்தா காதுக்கு 100-ம் அதோட மடங்குகளும்தான் கேக்கும். அதனாலதான் அந்த 'ஙீ...'ன்னு ஒரே கோடு மாதிரியான சத்தம். தாளம் நொண்டினா, முழு வரிசையும் திரும்ப வர்றதுக்கு ரெண்டு சுத்து ஆகும்ல? அது செகண்டுக்கு 25 தடவை. அதனால 25, 50, 75 ஹெர்ட்ஸ் எல்லாம் சத்தத்துக்குள்ள நுழையும். இந்தக் கீழ்ச்சுருதிதான் வயித்துல வந்து இடிக்குது. தாமதம் எவ்வளவு இருக்கும்? குழாய் அரை மீட்டர் கூடுதல்னு வெச்சுக்கிட்டா, சூடான புகைக்குள்ள ஒலி செகண்டுக்கு 500 மீட்டர் கிட்டத்தட்ட ஓடும், ஆக ஒரு மில்லிசெகண்ட். வெடிக்கும் வெடிக்கும் நடுவுல இருக்கிறதே பத்து மில்லிசெகண்ட்தான். நேரம் மட்டும் இல்ல, நீளக் குழாய் வழியா வர்ற துடிப்போட பலமும் வடிவமும்கூட மாறியிருக்கும்.

அப்புறம் சுபாரு சமநீளக் குழாய்க்கு மாற ஆரம்பிச்சுது. 2003-ல ஜப்பான்ல வந்த லெகஸி ஒரு உதாரணம். 2015 மாடல் டபிள்யூ.ஆர்.எக்ஸ்.ல டர்போவையே என்ஜினுக்குக் கீழ கொண்டுவந்துட்டாங்க. குழாய்கள் குட்டையாச்சு, நீளம் ஒத்துப்போச்சு, உறுமல் காணாமப் போச்சு.

இன்னிக்கு நான் பேச வந்த கார் இதைவிடச் சுவாரசியமானது. 2012-ல டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கொண்டுவந்தாங்க. டொயோட்டா பேட்ஜ் போட்டா 86, சுபாரு பேட்ஜ் போட்டா பி.ஆர்.ஸெட். டர்போ இல்லாத 2 லிட்டர் பாக்ஸர், சுமார் 200 குதிரைசக்தி, பின்சக்கரத்துக்குப் பவர். பிஸ்டனோட விட்டம் 86 மி.மீ., அது ஏறி இறங்குற தூரமும் 86 மி.மீ. (இந்த மாதிரி நம்பர் விளையாட்டுல டொயோட்டாவை அடிச்சுக்க ஆளில்ல.) டர்போ இல்லாததால குழாயை ஒரு பக்கமா இழுக்க வேண்டிய கட்டாயமே இல்ல. கிட்டத்தட்ட சமநீள ஹெடரை வெச்சுட்டாங்க. என்ஜினியரிங்படி நல்ல முடிவு. ஒரு சிலிண்டரோட புகை போகும்போது பின்னாடி ஒரு குறைந்த அழுத்த அலை உருவாகும். நீளம் ஒத்திருந்தா அந்த அலை சரியான நேரத்துல வந்து அடுத்த சிலிண்டரோட புகையை உறிஞ்சி இழுக்கும்.

வாங்கினவங்க புகார் என்ன தெரியுமா? வண்டி அருமை, வளைவுல அருமை, ஆனா சத்தம் மிக்ஸி மாதிரி இருக்கு.

டொயோட்டாவுக்கும் இது தெரிஞ்சுதான் இருந்திருக்கு. முதல் தலைமுறை கார்ல காத்து உள்ள போற குழாய்ல இருந்து ஒரு தனிக் குழாயைப் பிரிச்சு, கேபின் சுவர் பக்கமாக் கொண்டுவந்து, ஓட்டுறவங்க காதுக்கு என்ஜின் சத்தத்தை அனுப்பினாங்க. 2021-ல வந்த ரெண்டாம் தலைமுறையில என்ஜின் 2.4 லிட்டர் ஆச்சு, சத்தம் ஸ்பீக்கர் வழியா வர ஆரம்பிச்சுது. எனக்கு முதல் ஏற்பாடு பிடிக்கும், ரெண்டாவது பிடிக்காது. ரெண்டுமே ஏமாத்துதானேன்னு நீங்க கேக்கலாம். முதல்ல வர்றது அந்த நிமிஷத்துல அந்த என்ஜின் நிஜமா விடுற மூச்சு. ரெண்டாவதுல வர்றது சாஃப்ட்வேர் சேர்க்குற சத்தம். சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவன் நான், இருந்தும் அது எனக்குக் கசக்குது.

ஆக இந்தக் கார் வெச்சிருக்கிறவங்க செய்யற பிரபலமான மாற்றம் என்னன்னா, சமநீள ஹெடரைக் கழட்டிட்டு, வேணும்னே நீளம் மாத்திச் செஞ்ச ஹெடரைப் போடறது. அமெரிக்கால இதுக்குன்னே ஒரு சந்தை இருக்கு. போட்டதும் உறுமல் வந்துடும். விக்கிறவங்க கூடவே பவரும் ஏறும்பாங்க. அதை மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதையா வாங்குங்க. ஏறுற பவர் பெரும்பாலும் வேற ரெண்டு விஷயத்தால வருது: கேட்டலிடிக் கன்வெர்ட்டர் போனது, இ.சி.யு. ட்யூன் மாறினது. அதே வேலையைச் சமநீள ஹெடர் போட்டுச் செஞ்சா இன்னும் கொஞ்சம் கூடுதலாவே கிடைக்கும். நீளம் மாறினதுக்கு உங்களுக்குக் கிடைக்கிறது சத்தம் மட்டும்தான். அதுக்கு விலையா நீங்க கொடுக்குறதும் அந்தக் கொஞ்சம் பவர்தான்.

கன்வெர்ட்டர் போனதுன்னு சொன்னேன்ல, அங்கதான் சிக்கலே. இந்தக் கார்ல முதல் கன்வெர்ட்டர் தனியா இல்ல, ஹெடருக்குள்ளயே இருக்கு. கன்வெர்ட்டர் சூடானாத்தான் வேலை செய்யும். குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் பண்ற முதல் நிமிஷத்துலதான் விஷப்புகை அதிகம். அதனால சீக்கிரம் சூடாகட்டும்னு என்ஜின் பக்கத்துலயே வைக்கிறாங்க. பல மாற்று ஹெடர்கள்ல அது இருக்கவே இருக்காது. கழட்டினா பின்னாடி இருக்கிற சென்சார் கண்டுபிடிச்சு பி0420-ன்னு ஒரு கோடு போட்டு, டேஷ்போர்டுல விளக்கைப் போட்டுடும். அதுக்கும் மருந்து இருக்கு: ட்யூன்ல அந்த எச்சரிக்கையையே அணைச்சுடறது. கோட் எழுதுறவங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, எக்ஸெப்ஷனை கேட்ச் பண்ணி, உள்ள ஒண்ணுமே எழுதாம விட்டுடற வேலை. ரிவ்யூல யாராவது இப்படி அனுப்பினா நாம விடுவோமா?

கலிபோர்னியால இருக்கிற நேயர் ஒருத்தர் இதைத்தான் கேட்டிருந்தார். பழைய பி.ஆர்.ஸெட் வாங்கியிருக்காராம், அபார்ட்மென்ட்ல இருக்காராம், இந்த ஹெடரைப் போடலாமான்னு கேள்வி. சார், உங்க ஊர்ல விதி ரொம்பத் தெளிவா இருக்கு. கன்வெர்ட்டரைக் கழட்டுறது அமெரிக்கா முழுக்கவே சட்டவிரோதம். கலிபோர்னியால ஹெடர் மாதிரியான பாகத்துக்கு அந்த மாநிலக் காற்றுவள வாரியத்தோட ஒப்புதல் எண் வேணும். பொதுவா ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை புகைச் சோதனை வரும். 2021 ஜூலையில இருந்து அந்தச் சோதனையில இ.சி.யு. சாஃப்ட்வேர் ஒரிஜினலா, மாத்தினதான்னும் பாக்குறாங்க. அந்த அணைச்ச எச்சரிக்கை அங்க வசமா மாட்டும்.

இதுல ஒரு கூத்து இருக்கு. கன்வெர்ட்டருக்குப் பின்னாடி இருக்கிற குழாயையும் சைலன்சரையும் நீங்க மாத்திக்கலாம். 95 டெசிபல் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். ஆனா ஹெடர் சமநீளமாவே இருக்கிறதால, அதே மிக்ஸி சத்தம்தான் பெருசா வரும். தாளம் மாறாது, வால்யூம் ஏறும். ரசிகருக்கு வேண்டியது கிடைக்காது, பக்கத்து வீட்டுக்கு வேண்டாதது கிடைக்கும்.

"சரி, கன்வெர்ட்டரோட, ஒப்புதலோட ஒரு உறுமல் ஹெடர் கிடைச்சா, சைலன்சரைத் தொடாம போட்டுக்கிட்டா?" அப்படின்னா அதைத்தான் நானும் சொல்லுவேன். தாளம் மட்டும் மாறும், சத்தம் அநியாயத்துக்கு ஏறாது. ஆனா அங்கயும் கொஞ்சம் யோசிக்கணும். டெசிபல் மீட்டர் நம்ம காதைப் போலக் கேக்குறதுக்காகக் கீழ்ச்சுருதியைக் குறைச்சுதான் எடைபோடும். 100 ஹெர்ட்ஸைச் சுமார் 19 டெசிபல் குறைச்சு எழுதும், 50 ஹெர்ட்ஸை 30 டெசிபல். உறுமல் உக்காந்திருக்கிறதே அந்த இடத்துலதான். அப்ப மீட்டர்ல பாஸ் ஆகிற அதே சத்தம் படுக்கையறைச் சுவரைத் தாண்டிப் போகும். ஏன்னா சுவரும் ஜன்னலும் மேல்சுருதியைத் தடுக்கிற அளவுக்குக் கீழ்ச்சுருதியைத் தடுக்காது. அரை மீட்டர்ல 95 டெசிபல்னா, திறந்தவெளிக் கணக்குல எட்டு மீட்டர்ல 71. ராத்திரி படுக்கையறைக்குள்ள ஒரு தனிச் சத்தம் 45-ஐத் தாண்டக் கூடாதுங்கிறது உலக சுகாதார நிறுவனத்தோட 1999 வழிகாட்டுதல்.

இது கற்பனைப் பயம் இல்ல. யோகோஹாமால நெடுஞ்சாலையோரமா டைகோகு பார்க்கிங் ஏரியான்னு ஒரு இடம் இருக்கு. ஜப்பான் கார்ப் பைத்தியங்களோட கோயில்னே சொல்லலாம். 86-ல இருந்து லம்போர்கினி வரைக்கும் எல்லாம் வரும். வார இறுதி ராத்திரிகள்ல போலீஸ் வந்து மூடிட்டுப் போறது அங்க சகஜம். நிறுத்தி வெச்ச காரை ஆக்சிலரேட்டர் மிதிச்சு அலறவிடறவங்க அதுக்கு ஒரு முக்கியக் காரணம். நல்ல சத்தத்தை ரசிக்கத் தெரிஞ்சவங்க, ரசிக்கிற இடத்தையே இழக்குறாங்க.

ஸ்பீடு குறைக்கும்போது பட்டாசு வெடிக்கிற மாதிரி பண்ற ட்யூனைப் பத்தியும் ரெண்டு பேர் கேட்டிருந்தீங்க. எரிய வேண்டிய பெட்ரோலை சைலன்சர் குழாய்ல எரிக்கிறது அது. வால்வும் கன்வெர்ட்டரும் சூட்டுல வாடும். அதுக்கு மேல அதைப் பத்திப் பேச எனக்கு ஆர்வமில்ல.

கலிபோர்னியா நேயருக்கு என் யோசனை. ஒப்புதல் எண்ணும் கன்வெர்ட்டரும் இருக்கிற ஹெடர் உங்க மாடலுக்குக் கிடைக்குதான்னு முதல்ல வாரியத்தோட தளத்துல தேடுங்க. அந்த எண் இல்லாம "ரேஸுக்கு மட்டும்"னு எழுதி விக்கிறதை வாங்காதீங்க. போட்டா சைலன்சரைக் கம்பெனி கொடுத்ததையே வெச்சுக்குங்க. காலையில ஸ்டார்ட் பண்ணினதும் உறுமவிட்டு நிக்காம மெதுவா கிளம்புங்க, என்ஜினும் அப்படித்தான் நல்லா சூடாகும். ஹெடர் கிடைக்கலையா? அமெரிக்கால 2021 வரைக்கும் வித்த டபிள்யூ.ஆர்.எக்ஸ். எஸ்.டி.ஐ.ல அந்தப் பழைய 2.5 லிட்டர் டர்போ என்ஜினும் கோணல் குழாயும் கம்பெனியில இருந்தே வருது. எல்லா ஒப்புதலோடயும் உறுமும். பி.ஆர்.ஸெட்டை வித்துட்டு ஒண்ணு பாருங்க. வளைவுல பி.ஆர்.ஸெட் கொடுத்த அந்த லேசான துள்ளல் அதுல இருக்காது, அதனால ரெண்டையும் ஒரே நாள்ல ஓட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.