மாறப்போவதைப் பிரித்து வைக்கும் கலை

2004 பிப்ரவரி 9ஆம் தேதி நம் தருமபுரி மாவட்டத்திலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஓசூர், தேன்கனிக்கோட்டை, போச்சம்பள்ளி, ஊத்தங்கரை எல்லாம் அந்தப் பக்கம் போயின. பாலக்கோடு, பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி இந்தப் பக்கம் நின்றன. பின்னாளில் காரிமங்கலமும் நல்லம்பள்ளியும் தனி வட்டங்களாயின. அலுவலக வாசலில் பெயர்ப்பலகையை மாற்றுவது ஒரு நாள் வேலை. கணினி நிரலுக்குள் இருக்கும் ஊர்ப் பெயரையும் வட்டப் பெயரையும் மாற்றுவது எத்தனை நாள் வேலை? அந்தப் பெயரை எத்தனை இடத்தில் எழுதி வைத்தார்கள் என்பதைப் பொறுத்தது.

பெரிய இணையச் செயலிகளைச் சிறுசிறு கூறுகளாக, அதாவது நிரல் எழுதுவோர் 'மாட்யூல்' என்று சொல்கிற பகுதிகளாகப் பிரித்துக் கட்டுவதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். இதை நான் ஒரு கலையாகவே மதிக்கிறேன். ஏனென்றால் எங்கே வெட்டுவது என்பதற்குக் கணக்குச் சூத்திரம் கிடையாது. தேர்ந்த கண் வேண்டும்.

வருமானச் சான்றிதழை எடுத்துக்கொள்வோம். இ-சேவை மையத்தில் விண்ணப்பம் பதிவாகிறது. கிராம நிர்வாக அலுவலர் பார்க்கிறார், வருவாய் ஆய்வாளர் பார்க்கிறார், வட்டாட்சியர் அலுவலகம் ஒப்புதல் தருகிறது, சான்றிதழ் அச்சாகிறது. இப்படி ஒரு செயலியை எழுதச் சொன்னால், புதிதாக வேலைக்கு வந்தவர் என்ன செய்வார்? விண்ணப்பத்துக்கு ஒரு பகுதி, கிராம நிர்வாக அலுவலருக்கு ஒன்று, ஆய்வாளருக்கு ஒன்று என்று வேலை நடக்கும் வரிசையிலேயே பிரிப்பார். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு பகுதிக்குள்ளும் அதே வட்டப் பட்டியல், அதே கட்டண விவரம், அதே தேதி முறை உட்கார்ந்திருக்கும். ஒன்று மாறினால் அத்தனையையும் திறந்து திருத்த வேண்டும். ஒன்றை மறந்துவிட்டால், விண்ணப்பத்தில் ஒரு வட்டமும் அச்சில் வேறொரு வட்டமும் வரும். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கல்லூரிச் சேர்க்கைக்குப் போய் நிற்கிற பிள்ளையை நினைத்துப் பாருங்கள்.

இந்தச் சிக்கலின் வேரைப் பிடித்தவர் கணினி அறிஞர் டேவிட் பார்னஸ். 1972 டிசம்பரில் அவர் எழுதிய ஒரு சிறிய கட்டுரை, சொற்களைச் சுழற்றி அகர வரிசையில் அடுக்கும் மிக எளிய ஒரு நிரலை எடுத்துக்கொண்டு, அதை இரண்டு விதமாகப் பிரித்துக் காட்டியது. ஒன்று, வேலை நடக்கும் வரிசையில் பிரிப்பது. மற்றது, பின்னால் மாறக்கூடிய முடிவு எது என்று முதலில் கேட்டு, அப்படிப்பட்ட ஒவ்வொரு முடிவையும் ஒரு கூறுக்குள் மறைத்து வைப்பது. இரண்டும் ஓடும்; ஒரே விடையைத் தரும். மாற்றம் வரும் நாளில்தான் வேறுபாடு தெரியும். இணையம் என்ற ஒன்றே பிறக்காத காலத்தில் எழுதப்பட்ட கட்டுரை, இன்றைய இணையச் செயலிக்கு அப்படியே பொருந்துகிறது என்பது எனக்குத் தீராத வியப்பு.

அவர் வழியில் போனால், ஊர்களும் வட்டங்களும் பற்றிய அறிவு ஒரே கூறுக்குள் இருக்கும். மற்றவை அதனிடம், 'இந்த ஊர் எந்த வட்டம்?' என்று கேட்கும், பதில் வரும். உள்ளே அது எப்படிச் சேமித்து வைத்திருக்கிறது என்பது வேறு யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. மத்திய ஊராட்சி அமைச்சகம் பராமரிக்கும் எல்.ஜி.டி. என்ற உள்ளாட்சி அடைவு நாட்டளவில் இதே எண்ணத்தில் அமைந்தது. மாவட்டம், ஊராட்சி, கிராமம் ஒவ்வொன்றுக்கும் தனி எண் தந்திருக்கிறார்கள். பெயரை நம்பாமல் எண்ணை நம்பச் சொல்கிறது அது. 2020இல் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணையிட்டு, விரைவிலேயே அதைத் திரும்பப் பெற்றது நினைவிருக்கலாம். ஊரின் பெயரையே அடையாளமாகப் பிடித்துக்கொண்ட செயலி அப்படிப்பட்ட சமயத்தில் என்ன பாடுபடும்!

இன்னொரு வலை இருக்கிறது. நம் மாவட்டக்காரர்களுக்கு உடனே புரியும். அஞ்சல் எண்ணிலிருந்து மாவட்டத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். தருமபுரி நகரின் எண் 636இல் தொடங்குகிறது. நம் காரிமங்கலத்தின் எண்ணோ, கிருஷ்ணகிரியைப் போல 635இல் தொடங்குகிறது. அஞ்சல் துறை தன் பையைப் பிரிக்க வகுத்த எல்லை வேறு, வருவாய்த் துறையின் எல்லை வேறு. வெவ்வேறு கைகள் வெவ்வேறு காரணத்துக்காக மாற்றக்கூடிய இரண்டு விவரங்களை ஒரே கூறில் கட்டிப்போடக் கூடாது. நல்ல வெட்டு எது என்று எனக்குக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இந்தக் கேள்விதான்: இதை மாற்றச் சொல்லப்போகிறவர் யார்?

கருவிகளும் மெதுவாகத்தான் கை கொடுத்தன. உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் முதல் வடிவத்தை 1995இல் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் உருவாக்கினார். அதில் கூறுகளாகப் பிரிக்க வழியே இல்லை. எல்லாக் கோப்புகளுக்குள்ளும் வைத்த பெயர்கள் ஒரே பொதுவெளியில் கலந்தன. இரண்டு பேர் ஒரே பெயரை வைத்தால், பின்னால் வந்தது முன்னதை அழித்தது. மொழிக்குள்ளேயே முறையான ஏற்பாடு வந்தது 2015இல். இருபது ஆண்டுகள் நிரலர்கள் தங்கள் கட்டுப்பாட்டாலும் தாங்களே செய்துகொண்ட ஏற்பாடுகளாலும் அந்தக் குறையை ஈடுகட்டினார்கள்.

வழி கிடைத்ததும் சிலர் வெட்டுவதையே வேலையாக்கிக்கொண்டார்கள். 2016 மார்ச்சில் 'லெஃப்ட்-பேட்' என்ற 11 வரி நிரலை, ஒரு தகராறில் அதன் ஆசிரியர் நிரல்களின் பொதுக் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார். ஒரு சொல்லின் இடப்பக்கத்தை நிரப்புவது மட்டுமே அதன் வேலை. அதை நம்பியிருந்த ஏராளமான திட்டங்களை உலகம் முழுவதும் கட்டமைக்க முடியாமல் போயிற்று. களஞ்சியத்தார் அதை மீட்டு வைத்த பிறகே நிலைமை சீரானது. 2023இல் அமேசானின் பிரைம் வீடியோ குழு ஒன்று, சிதறிக் கிடந்த சிறு சேவைகளை ஒரே செயலியாகச் சேர்த்ததில் அந்தப் பணியின் செலவு 90 சதவீதம் குறைந்ததாக எழுதியது. எதையும் மறைத்து வைக்காத கூறு வெறும் துண்டு; அப்படித் துண்டு போடுவதை நான் ஏற்கமாட்டேன்.

செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரியிலும் மற்ற கல்லூரிகளிலும் இறுதியாண்டுத் திட்டமாக ஏதேனும் செயலி எழுதிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். மதிப்பெண் வாங்கியதும் அதை மூடி வைத்துவிடாதீர்கள். அரூர் வட்டம் இரண்டாகப் பிரிகிறது என்று நீங்களே வைத்துக்கொண்டு, அந்த ஒரு மாற்றத்தை மட்டும் உங்கள் செயலியில் செய்து பாருங்கள். எத்தனை கோப்புகளைத் திறக்க வேண்டியிருந்தது என்று எண்ணுங்கள். அடுத்து, உங்கள் செயலியை இதுவரை பார்க்காத ஒரு நண்பரிடம் அதே வேலையைக் கொடுங்கள். எந்தக் கோப்பைத் திறப்பது என்று அவர் உங்களைக் கேட்காமலே கண்டுபிடிக்கிறாரா என்று பக்கத்தில் இருந்து பாருங்கள்.