வாசலில் தொங்கும் பட்டியலை யார் வாசிக்கிறார்கள்?



நம்மவர்களின் சங்கங்களிலும் தமிழ்ப் பாடசாலைகளிலும் லினக்ஸ் ஓடும் பழைய கணினி ஒன்று மூலையில் இருக்கக்கூடும். உறுப்பினர் விபரமும் பிள்ளைகளின் பதிவும் அதில்தான் இருக்கும். அமைத்துக் கொடுத்த தம்பி வேலை மாறி வேறு நகரத்துக்குப் போயிருப்பார். "அதற்கு அப்பவே பூட்டுப் போட்டாச்சு" என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருப்பார்கள். இன்று அந்தப் பூட்டைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

1990ஆம் ஆண்டு, நெதர்லாந்தின் ஐன்ட்ஹோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் கணினிகளுக்குள் ஒருவன் திரும்பத் திரும்பப் புகுந்தான். முழு அதிகாரத்தையும் கைப்பற்றி, கோப்புகளை எல்லாம் அழித்துவிட்டுப் போவான். கோப்புகளோடு அவனுடைய தடயமும் அழிந்துவிடும். அங்கே இருந்த வீட்ஸெ வெனெமா ஒரு சின்ன வேலை செய்தார். சேவை தரும் நிரலை வேறிடத்துக்கு நகர்த்தி, அதன் இடத்தில் சிறிய நிரல் ஒன்றை வைத்தார். யாராவது வந்து தட்டினால், எங்கிருந்து வருகிறார் என்று இது முதலில் எழுதிக்கொள்ளும். பிறகுதான் உண்மையான நிரலை எழுப்பும். டி.சி.பி. ராப்பர் பிறந்தது இப்படித்தான்.

பின்னர் அதனோடு இரண்டு பட்டியல்கள் வந்தன. ஒன்று ஹோஸ்ட்ஸ்.அலோ, மற்றது ஹோஸ்ட்ஸ்.டினை. அனுமதிப் பட்டியலைத்தான் முதலில் பார்க்கும். அதில் பொருந்தினால் உள்ளே விடும். இல்லாவிட்டால் மறுப்புப் பட்டியலுக்குப் போகும். இரண்டிலும் பெயர் இல்லாதவரை என்ன செய்யும்? உள்ளே விட்டுவிடும்! பலருக்குத் தெரியாத விதி இது. அதனால்தான் மறுப்புப் பட்டியலில் "ஆல்: ஆல்", அதாவது எல்லோருக்கும் எல்லாம் மறுப்பு என்று எழுதச் சொல்வார்கள்.

இந்தக் காவலாளிக்கும் சோதனை வந்தது. 1999 ஜனவரியில் அதை வழங்கிய தளத்திலேயே யாரோ கைவைத்து, 421ஆம் எண் வாசலில் இருந்து வருபவருக்கு முழு அதிகாரம் தரும் போலிப் பிரதியை வைத்துவிட்டார்கள். அது விரைவில் பிடிபட்டது.

ஆனால் எனக்குக் கவலை வேறு. இந்தப் பட்டியல்களை லினக்ஸ் தானாக வாசிப்பதில்லை. ஒவ்வொரு சேவை நிரலும் அதற்குரிய நூலகத்தோடு இணைந்திருந்தால்தான் வாசிக்கும். தொலைவில் இருந்து கணினிக்குள் நுழைய உதவும் ஓபன் எஸ்.எஸ்.எச். 2014இல் தன் 6.7 பதிப்பில் அந்த ஆதரவை நீக்கியது. டெபியன் போன்றவை தாங்களே ஒட்டுப்போட்டு நீண்டகாலம் காப்பாற்றின. ஃபெடோரா 2018இலும் ரெட் ஹாட் 2019இல் வந்த 8ஆம் பதிப்பிலும் டி.சி.பி. ராப்பரையே விட்டுவிட்டன. நீங்கள் கணினியைப் புதுப்பிக்கிறீர்கள். பழைய பட்டியல் அதே இடத்தில், அதே எழுத்தோடு இருக்கிறது. வாசிக்கத்தான் ஆள் இல்லை. பிழைச்செய்தி ஒன்றும் வராது. நீக்கியது சரியென்றே நினைக்கிறேன். சத்தமில்லாமல் போனதுதான் ஆபத்து.

ஆகவே பட்டியலை நம்பாமல் வாசலைச் சோதியுங்கள். எஸ்.எஸ். என்ற கட்டளை எந்தச் சேவைகள் காத்திருக்கின்றன என்று காட்டும். 127.0.0.1 என்றிருந்தால் அது கணினிக்குள்ளேயே திறக்கும் கதவு. 0.0.0.0 என்றால் எந்தப் பக்கத்தில் இருந்தும் தட்டலாம். தேவையில்லாத சேவையை நிறுத்திவிடுங்கள். இல்லாத கதவுக்குக் காவல் வேண்டாம். மிச்சத்துக்குத் தீச்சுவர் போடுங்கள். இன்றைய லினக்ஸில் என்.எஃப். டேபிள்ஸ் அதைச் செய்கிறது. நிரலைச் சென்றடையும் முன்பே, கருவகத்திலேயே ஆளைத் திருப்பி அனுப்பிவிடும். எஸ்.எஸ்.எச்.சுக்குக் கடவுச்சொல்லை நிறுத்தி, சாவிக் கோப்பை மட்டும் ஏற்கச் செய்யுங்கள்.

பிறகு கைப்பேசியின் மொபைல் டேட்டாவில் இருந்து, அதாவது வெளியாளாக நின்று, நுழைந்து பாருங்கள். ஒன்று மட்டும் கவனம்: தீச்சுவர் விதிகளை மாற்றும்போது ஏற்கனவே உள்ள இணைப்பை மூடாமல், இரண்டாவது இணைப்பில் சோதியுங்கள். இல்லாவிட்டால் நீங்களே வெளியில் நின்று, கணினி இருக்கும் மண்டபத்தின் திறப்பைத் தேடி அலைய வேண்டிவரும்.