மலையுச்சியில் ஒரு ரயில் நிலையம்



திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குச் செல்லும் வழியில் வித்துரா என்றோர் ஊர் உண்டு. அதனை அடுத்த போணக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக உழைத்தன. அவ்வூருக்கு ரயில் வந்ததில்லை. ஆயினும் அதே கேரளத்தில், வடக்கே மூணாற்று மலையில், தேயிலைக்கென்றே ஒரு ரயில் ஓடிற்று. அதன் கடைசி நிலையத்தைப் பற்றியே இன்று சொல்லப் போகிறேன்.

டாப் ஸ்டேஷன் என்னும் மலையூருக்கு இன்று இயற்கைக் காட்சி காணப் பலர் செல்கின்றனர். அப்பெயரில் 'ஸ்டேஷன்' எப்படி வந்தது என்று கேட்போர் சிலரே.

1902-இல் மூணாற்றிலிருந்து அங்கு ஒற்றைத் தண்டவாளம் இடப்பட்டது. சிறு சக்கரங்கள் தண்டவாளத்தின்மேல் உருளும். பெரிய சக்கரமொன்று பக்கத்துச் சாலையில் ஓடிச் சமநிலை காக்கும். இழுத்தவையோ காளைகள்! இதை ரயில் என்பதா, மாட்டுவண்டி என்பதா? 1908-இல் இரண்டடி அகல இருப்புப்பாதையும் நீராவி எஞ்சின்களும் வந்தபின் அந்த ஐயம் தீர்ந்தது. மாட்டுப்பட்டியிலும் பாலாற்றிலும் இடைநிலையங்கள் இருந்தன.

டாப் ஸ்டேஷனோடு தண்டவாளம் முடிந்தது. அதற்கப்பால் செங்குத்தான சரிவு. தேயிலைப் பெட்டிகள் அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியவாறே கொட்டகுடிக்கு இறங்கின. பிறகு வண்டிகளில் போடிநாயக்கனூர் சேர்ந்து, முடிவில் கப்பலேறி இங்கிலாந்து சென்றன. பெட்டிக்குக் கம்பிவடம் இருந்தது, ஆளுக்கு இல்லை. கங்காணிகளோடு போடிப் பக்கமிருந்து வந்த நம்மவர், தலையில் மூட்டையும் இடுப்பில் குழந்தையுமாக அச்சரிவைக் காலால் ஏறினர்.

1924 ஜூலையில் பெருமழை கொட்டிற்று. கொல்லம் ஆண்டு 1099 ஆதலால், மலையாள நாட்டார் அதனைத் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்பர். மலை சரிந்தது, பாதை அடித்துச் செல்லப்பட்டது. மீண்டும் அதனை எவரும் அமைக்கவில்லை. மூணாற்று நிலையக் கட்டடம் பின்னாளில் தேயிலைக் கம்பெனியின் அலுவலகமாயிற்று. மலையுச்சி நிலையத்திற்கு மிஞ்சியது பெரும்பாலும் பெயர்தான்.

மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது 1928-இல். மலைமேல் ரயில் அழிந்து நான்காண்டுகள் கழித்து, மலையடிக்கு ரயில் வந்தது! அதுவும் அகலப் பாதைப் பணிக்காக 2010-ஆம் ஆண்டின் இறுதியோடு நின்று, 2023 ஜூனில்தான் மறுபடி போடியைத் தொட்டது. டாப் ஸ்டேஷன் செல்வோர் இன்றும் மூணாற்றிலிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல் சாலைவழியே போகின்றனர்.