இருட்டு, கதகதப்பு, அமைதி

(நம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தின் நிறைவில், பி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இந்தக் காலாண்டு இதழில் வெளியிடுகிறோம்.)

பராமரிப்புக் கட்டணம், லிஃப்ட் ஒப்பந்தம், தண்ணீர் லாரிக் கணக்கு எல்லாம் பேசி முடித்து, டிபன் வாசனை வரும் நேரத்தில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார் செயலாளர். சுருக்கமாக முடித்துவிடுகிறேன்.

நம் வளாகத்தில் குடியிருப்பது நாம் மட்டும் இல்லை. வேப்பமரத்தில் அணில், ஏசி பெட்டிக்குப் பின்னால் மைனா, டக்ட்டுக்குள் கூகை, மொட்டை மாடித் தொட்டியின் மேல் பருந்து. ஒரு பக்கம் கிண்டி தேசியப் பூங்கா, இன்னொரு பக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் என்று இருக்கும் பகுதியில் இது இயல்புதான். இவற்றில் ஏதாவது அடிபட்டு விழுந்தால் எனக்குப் போன் வரும். தாராளமாகக் கூப்பிடுங்கள். ஆனால் நான் வந்து சேர்வதற்குள் யாராவது அதன் வாயில் பாலோ தண்ணீரோ ஊற்றியிருப்பார்கள். காயத்திலிருந்து பிழைத்திருக்க வேண்டிய உயிர், நம் உபசாரத்தால் போய்விடுவதுண்டு. இன்று நான் சொல்ல வந்தது அதைத்தான்.

பறவையின் மூச்சுக்குழாய்த் துவாரம் நாக்கின் அடியிலேயே இருக்கிறது. மயக்கத்தில் இருக்கும் பறவையின் அலகைத் திறந்து தண்ணீர் விட்டால் அது நேரே நுரையீரலுக்குப் போகும். பசும்பால் பறவைக்கு உணவே இல்லை. அணில் குட்டிக்கும் அது ஒத்துக்கொள்ளாது, வயிற்றுப்போக்கு ஏற்படும். மூச்சில் ஏறினால் நிமோனியா.

இன்னொன்று, பயம். காட்டு உயிருக்கு நம் முகம் வேட்டை மிருகத்தின் முகம். கையில் எடுத்ததும் அசையாமல் இருந்தால் "பாவம், நம்மை நம்புகிறது" என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அது நம்பிக்கை இல்லை, பயத்தில் உறைந்த நிலை. சுற்றிப் பத்துப் பேர் நின்று போட்டோ எடுத்தால், அந்த அதிர்ச்சியிலேயே இறந்துவிடலாம்.

ஆகவே முதல் சிகிச்சை மூன்று சொற்கள்தான்: இருட்டு, கதகதப்பு, அமைதி. மூடியுள்ள அட்டைப்பெட்டியில் பென்சிலால் சில துளைகள் போடுங்கள். அடியில் பழைய துணி விரியுங்கள். ஒரு துண்டை அதன் மேல் போட்டு, தலையும் மூடும்படி மெதுவாக எடுத்துப் பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். டிவி, நாய், பூனை, குழந்தைகள் இல்லாத அறையில் வையுங்கள். பிறகு வனத்துறைக்கோ, ப்ளூ கிராஸ் போன்ற அமைப்புக்கோ போன் செய்யுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் திறந்து பார்க்க வேண்டாம்.

இதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: அதற்கு நம் உதவி தேவையா? இறகு முளைத்து, வால் மட்டும் குட்டையாக, தரையில் தத்தித் திரியும் மைனாக் குஞ்சு அநாதை இல்லை. அது பறக்கப் பழகுகிறது. தாய் பக்கத்துக் கிளையிலிருந்து கத்திக்கொண்டிருக்கும். பூனையை விரட்டிவிட்டு, குஞ்சை ஒரு புதர் மேல் ஏற்றிவிட்டு நகர்ந்துவிடுங்கள். இறகு இல்லாத குஞ்சு என்றால் கூட்டிலேயே திரும்ப வையுங்கள். கூடு சிதைந்திருந்தால் அதே மரத்தில் ஒரு சிறு கூடையைக் கட்டி அதில் விடலாம். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் நம்பிக்கை.

அணில் குட்டிக்கும் இதேதான். முதலில் உடல் சூடு தேவை. வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, திறந்த பெட்டியில் மரத்தடி நிழலில், எறும்பு ஏறாத இடமாகப் பார்த்து வையுங்கள். பூனை வராமல் தள்ளி நின்று கவனியுங்கள். தாய் ஒவ்வொன்றாக வாயில் கவ்வி எடுத்துப் போகும். பொழுது சாயும் வரை வரவில்லை என்றால்தான் நம் வேலை.

கூகையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பகலில் வெளியே வந்து மாட்டிக்கொண்டால் காக்கைகள் சூழ்ந்து கொத்தும். அதைப் பார்த்ததும் "அபசகுனம், துரத்துங்கள்" என்று ஒரு குரல் நம் வளாகத்திலும் எழுகிறது. இரவில் நம் கார் வயரைக் கடிக்கும் எலியைச் சம்பளம் வாங்காமல் பிடிப்பது அதுதான். காயம் இல்லையென்றால் பெட்டியில் மூடி வைத்து, இருட்டியதும் திறந்துவிட்டால் போதும், பறந்துவிடும்.

எதைத் தொடக்கூடாது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வௌவாலையும் குரங்கையும் வெறும் கையால் தொடவே கூடாது. பாம்பு என்றால், சாரையாகவே தெரிந்தாலும், தள்ளி நின்று அது போகும் இடத்தைக் கவனித்தபடி வனத்துறையைக் கூப்பிடுங்கள். பருந்துக்கு அலகைவிட நகம் ஆபத்து, தடித்த துண்டு இல்லாமல் நெருங்க வேண்டாம். கடியோ கீறலோ பட்டால் 15 நிமிடம் சோப்பு போட்டு ஓடும் நீரில் கழுவிவிட்டு, அன்றே டாக்டரைப் பாருங்கள்.

பருந்துகள் விழுவதற்கு முக்கியக் காரணம் மாஞ்சா நூல். நைலான் மாஞ்சாவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் தடை செய்தது. ஆனாலும் மரங்களில் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. இறக்கையில் சிக்கிய நூலை இழுத்தால் தசைநார் அறுந்துவிடும். இரண்டு பக்கமும் நூலை வெட்டிவிட்டு, சிக்கிய பகுதியை அப்படியே விட்டு ஒப்படையுங்கள். டெல்லியில் நதீம் ஷெஜாத், முகமது சவூத் என்ற சகோதரர்கள் இப்படி நூலில் அறுபட்ட பருந்துகளைப் பல ஆண்டுகளாகக் காப்பாற்றி வருகிறார்கள். அவர்களைப் பற்றிய 'ஆல் தட் ப்ரீத்ஸ்' என்ற 2022ஆம் ஆண்டு ஆவணப்படத்தைக் குழந்தைகளோடு பாருங்கள். பறவையை வளர்ப்பது அவர்கள் நோக்கம் இல்லை. தேறியதும் வானத்துக்குத் திருப்பி அனுப்புவதே நோக்கம்.

இங்கே சிலருக்குக் கசப்பான ஒன்றைச் சொல்கிறேன். "காப்பாற்றினோம், பழகிவிட்டது, நாங்களே வைத்துக்கொள்கிறோம்" என்பது உதவி ஆகாது. மனிதரிடம் வளர்ந்த குட்டிக்குப் பூனையிடம் பயம் இருக்காது, இரை தேடவும் தெரியாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, அப்படிக் கைக்கு வந்த வனவிலங்கைப் பற்றி 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ உரிய அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும். கூண்டில் பச்சைக்கிளி வளர்ப்பதும் குற்றம்தான். நம் வளாகத்திலும் ஓரிரு கூண்டுகள் இருக்கின்றன. வீட்டு எண் சொல்லப் போவதில்லை. என்னிடம் வாருங்கள், வனத்துறையில் ஒப்படைக்க நானும் கூட வருகிறேன். இறக்கை வெட்டிய கிளியை நீங்களாகப் பறக்கவிட்டுவிடாதீர்கள், காக்கைக்கு இரையாகிவிடும்.

எல்லாம் பிழைக்காது என்பதும் உண்மை. மூட்டில் எலும்பு நொறுங்கிய பறவை மறுபடி பறப்பது அரிது. இரண்டு நாள் கழித்து "அந்தக் குயில் எப்படி இருக்கு டாக்டர் தாத்தா?" என்று குழந்தைகள் கேட்பார்கள். இறந்திருந்தால் இறந்துவிட்டது என்றே சொல்கிறேன். நீங்களும் அப்படியே சொல்லுங்கள். குழந்தைகள் தாங்கிக்கொள்வார்கள்.

நிர்வாகக் குழுவிடம் நான்கு கோரிக்கைகள்.

ஒன்று, செக்யூரிட்டி அறையில் இரண்டு அட்டைப்பெட்டி, இரண்டு துண்டு, தடித்த கையுறை, தொலைபேசி எண்கள் எழுதிய பலகை. செலவு பெரிதாக ஆகாது.

இரண்டு, கிளை வெட்டும் ஆட்கள் வருவதற்கு முன் யாராவது ஒருவர் மரத்தை அண்ணாந்து பார்த்து, கூடு இருக்கும் கிளையைத் தள்ளிப்போட வேண்டும்.

மூன்று, புரோமாடியோலோன் போன்ற எலி மருந்தும் பசை அட்டையும் வேண்டாம். அந்த மருந்தைத் தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடித் திரியும். அதைப் பிடித்துத் தின்னும் கூகையும் ரத்தக் கசிவில் சாகும். பசை அட்டையில் எலியோடு அணிலும் ஓணானும் ஒட்டிக்கொள்கின்றன. குப்பை அறைக் கதவை ஒழுங்காக மூடி, எலிக்கூண்டு வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

நான்கு, பால்கனி புறா வலைகளை இறுக்கிக் கட்ட வேண்டும். தொய்ந்த வலையில்தான் பறவைகள் சிக்கிக்கொள்கின்றன. கிழிந்த வலையை மாற்றச் சொல்லி ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும்.

முதல் கோரிக்கைக்கான பெட்டிகளை நானே இன்று கொண்டுவந்திருக்கிறேன், மேடைக்குப் பக்கத்தில் இருக்கின்றன. மற்ற மூன்றையும் அடுத்த குழுக் கூட்டத்தின் பொருள் பட்டியலில் சேர்க்கும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன். கேள்விகள் இருந்தால் டிபன் சாப்பிட்டுக்கொண்டே பேசலாம்.