மலை ரயிலை ரசிக்கக் கேமராவே!

எதிரணியில் கண்ணை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அண்ணன்மார்களே!

நீலகிரி மலை ரயிலை ரசிக்கக் கண்ணே போதுமா, கேமராவும் வேணுமா? கேமரா வேணும்னு பேச வந்திருக்கேன்.

எதிரணி அண்ணன் சொன்னாரு, "கேமராவைத் தூக்கிட்டுப் போறவன் எதையும் பார்க்கிறதே இல்லை"ன்னு. அதே அண்ணன்தான், "மேட்டுப்பாளையத்துல ஏறினேன், குன்னூர்ல எழுந்தேன்"னும் சொன்னாரு! (சிரிப்பு) கண்ணை மட்டும் கொண்டுபோனா இதான் கதி ஐயா! (கைதட்டல்)

அந்த வண்டி லேசுப்பட்டதா? 1899-ல் குன்னூருக்கும், 1908-ல் ஊட்டிக்கும் பாதை வந்தது. மொத்தம் 46 கிலோமீட்டர். கல்லாறு தாண்டினா, ஏறக்குறைய 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். வெறும் சக்கரம் வழுக்கிடும். அதனால தண்டவாளத்துக்கு நடுவுல பல்லு வெச்ச இரும்புப் பட்டை. நீராவி இன்ஜினுக்கு நாலு சிலிண்டர். ரெண்டு, சக்கரத்தை ஓட்டும். ரெண்டு, பல்சக்கரத்தைச் சுற்றும். மேலே ஏறும்போது இன்ஜின் இழுக்காது, பின்னாலிருந்து தள்ளும்!

படம் எடுக்கிறவன் இதையெல்லாம் தெரிஞ்சுக்கிட்டுத்தான் போவான். வண்டி எந்த வளைவுல திரும்பும், ஹில்குரோவ்ல இன்ஜின் தண்ணி குடிக்கிறப்ப எங்கே நிக்கணும், குளிர்ந்த காலையில ஆவி எப்படி வெள்ளை வெளேர்னு தெரியும் - எல்லாம் பார்த்து வெச்சிருப்பான். கேமரா கண்ணை மறைக்கலை ஐயா, கண்ணைத் திறக்குது!

தண்டவாளத்துல நின்னு செல்ஃபி எடுக்கிறவங்களுக்கு நான் வக்கீல் இல்லை. அது சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. பிளாட்பாரத்துல பொறுமையா நின்னு எடுக்கிறவங்களுக்குத்தான் நான் பேசுறேன்.

நடுவர் அவர்களே, அந்த வண்டியில பெட்டிக்குப் பெட்டி ஒரு பிரேக்ஸ்மேன் உண்டு. பின்னால இருக்கிற டிரைவருக்கு முன்பாதை தெரியாது. இவங்க காட்டுற பச்சைக்கொடி, சிவப்புக்கொடிதான் அவருக்குக் கண். எங்க அப்பா அப்படி ஒரு பிரேக்ஸ்மேன்.

அப்பா காலமானப்போ, மாலை போட வீட்டுல ஒரு நல்ல படம் இல்லை. அடையாள அட்டையில இருந்த தபால்தலை அளவுப் படம்தான். பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு, அவரோட வேலை பார்த்தவர் ஒரு கவரோட வந்தாரு. யாரோ ஒரு பயணி இன்ஜினைப் படம் எடுத்து, பிரதி போட்டு ஸ்டேஷனுக்குத் தபால்ல அனுப்பியிருந்தாரு. இன்ஜினுக்குப் பக்கத்துப் பெட்டியில, ஆவிக்கு நடுவுல, கையில பச்சைக்கொடியோட எங்க அப்பா! எங்க அம்மா அந்தப் படத்தைக் கீழே வைக்கவே இல்லை.

அந்தப் பயணி யாருன்னு இன்னிக்கும் தெரியாது. அவரு கண்ணால மட்டும் பார்த்திருந்தா, அந்தக் காட்சி அவரோட போயிருக்கும். கேமராவால பார்த்தாரு, எங்க வீட்டுக்கு வந்து சேர்ந்தது. (கைதட்டல்)

இன்ஜின் பழசானா இன்னொண்ணு செய்யலாம். 2021-ல் திருச்சி பொன்மலைப் பணிமனையில நிலக்கரியில ஓடுற புது இன்ஜினே செய்துட்டாங்க. எங்க அப்பாவை எந்தப் பணிமனையில செய்யுறது?

அதனால படம் எடுங்க. இன்ஜினோட, அதுல உழைக்கிற மனுஷனையும் கேட்டுக்கிட்டு எடுங்க. முடிஞ்சா, ஒரு பிரதி அனுப்புங்க.

கண் பார்த்தது ஒருத்தருக்கு. கேமரா பார்த்தது ஊருக்கு! எனவே கேமராவே என்று தீர்ப்பளிக்க வேண்டுகிறேன்.