நாரி நோவும் தகுந்த வேலையும்

(ஸ்காபரோவில் தமிழ்ப் பெற்றோருக்கும் இளையோருக்குமாக நடைபெற்ற மாலைக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ரொறன்ரோவிலும் அதனைச் சூழ்ந்த நகரங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் நாரி நோவை அறியாத வீடு அரிது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்தவர்களுள் ஊரில் ஆசிரியராக, எழுதுவினைஞராக, கடை முதலாளியாக இருந்தோர் பலர். இங்கே அவர்கள் களஞ்சியங்களில் பெட்டி அடுக்கினார்கள்; உணவகச் சமையலறைகளில் பானை தூக்கினார்கள்; இரவு சிப்ட் முடித்துவிட்டு அலுவலகங்களைத் துப்புரவு செய்தார்கள். அப்படி உழைத்த ஒருவர் ஒருநாள் குனிகிறார், நிமிர முடியவில்லை. இந்த உரை அவரைப் பற்றியது. அவருக்கு வரும் கடிதங்களைச் சமையலறை மேசையில் வைத்து வாசித்துச் சொல்லும் மகனையும் மகளையும் பற்றியது.

அன்று மாலை அந்த வீட்டில் நடப்பதை எல்லோரும் அறிவர். தைலம் பூசப்படுகிறது. சுடுதண்ணீர்ப் பை வைக்கப்படுகிறது. "நாளைக்குச் சரியாகிவிடும்" என்கிறார். மூன்றாம் நாள் வேலைக்கும் போய்விடுகிறார். மேற்பார்வையாளரிடம் ஒரு சொல்லும் சொல்வதில்லை. சொன்னால் வேலை போய்விடும் என்ற அச்சம் ஒருபுறம். "அரசாங்கத்திடம் கை நீட்டுவதா" என்ற மானம் மறுபுறம்.

இந்த மானவுணர்வு ஒரு தவறான விளக்கத்தின்மேல் நிற்கிறது. டபிள்யூ.எஸ்.ஐ.பி. என்று எல்லோரும் சொல்லும் வேலைத்தளப் பாதுகாப்புக் காப்புறுதிச் சபையின் வேர் 1913 ஆம் ஆண்டு அறிக்கையொன்றில் இருக்கிறது. ஒன்ராறியோவின் நீதிபதி வில்லியம் மெரெடித் அளித்த அவ்வறிக்கையின்படி 1914 இல் சட்டம் நிறைவேறி, 1915 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. அது ஒரு பேரம். வேலையிற் காயம்பட்டவர் முதலாளிமீது வழக்குத் தொடரும் உரிமையை விட்டுக்கொடுத்தார். அதற்கு ஈடாக, யாருடைய தவறு என்று கேளாமல் இழப்பீடு தரப்பட வேண்டும் என்றும், செலவை முதலாளிமார் செலுத்தும் நிதி ஏற்க வேண்டும் என்றும் முடிவானது. ஆகவே அந்தப் படிவத்தை நிரப்புபவர் எவரிடமும் பிச்சை கேட்கவில்லை. வழக்காடும் உரிமையை அவர் தலைமுறைக்கு முந்தியவர்களே விலையாகக் கொடுத்துவிட்டார்கள்.

காலக்கெடு கடுமையானது. காயத்தை முதலாளிக்கு உடனே அறிவிக்க வேண்டும். மருத்துவம் தேவைப்பட்டதையோ சம்பளம் இழக்கப்பட்டதையோ அறிந்த முதலாளி 3 வேலை நாட்களுக்குள் சபைக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். தொழிலாளியின் கோரிக்கை 6 மாதங்களுக்குள் பதிவாக வேண்டும். கோரிக்கை செய்யவிடாமல் தொழிலாளியைத் தடுப்பது சட்டத்துக்கு மாறான செயல். முகவர் நிலையத்தினூடாக வேலைக்குச் செல்பவருக்குச் சட்டத்தின் கண்ணில் முதலாளி அந்த முகவர் நிலையமே. "எங்களுக்குத் தெரியாது, அங்கே போய்ச் சொல்" என்று அது கைகழுவ முடியாது.

எனினும், பெரும்பாலான குடும்பங்கள் தோற்றுப்போவது கோரிக்கையில் அன்று. அதற்குப் பின்வரும் "தகுந்த வேலை" என்ற இரண்டு சொற்களில்.

சபையின் கொள்கைப்படி தகுந்த வேலை என்பது பாதுகாப்பானதாக, பயனுள்ளதாக, அந்த மனிதரின் உடல் இயலளவுக்கு ஒத்ததாக, இயன்றவரை பழைய சம்பளத்தை மீளத் தருவதாக இருக்க வேண்டும். நல்ல வரைவிலக்கணந்தான். ஆனால் அந்த இயலளவை யார் எழுதுகிறார்கள், எப்படி எழுதுகிறார்கள் என்பதிலேயே எல்லாம் தங்கியிருக்கிறது. குடும்ப மருத்துவர் "இலகுவான வேலை மட்டும்" என்று ஒரு வரியில் துண்டு கொடுக்கிறார். இலகு என்றால் என்ன? களஞ்சிய மேற்பார்வையாளருக்கு 15 கிலோ பெட்டி இலகு. எட்டு மணிநேரம் ஒரே இடத்தில் நின்று சீட்டு ஒட்டுவதும் அவருக்கு இலகு. நாரித்தட்டு விலகியவருக்கு இரண்டுமே தண்டனை.

இதற்கென்றே செயற்றிறன் படிவம் ஒன்று உண்டு. எத்தனை மீற்றர் நடக்க முடியும், எத்தனை நிமிடம் நிற்க முடியும், எத்தனை நிமிடம் இருக்க முடியும், நிலத்திலிருந்து இடுப்புவரை எத்தனை கிலோ, இடுப்பிலிருந்து தோள்வரை எத்தனை கிலோ, படி ஏறலாமா, வாகனம் ஓட்டலாமா, பேருந்தில் வரலாமா என்று அது கேட்கிறது. நோயின் பெயரை முதலாளிக்குச் சொல்ல வேண்டியதில்லை, இலக்கங்கள் போதும். இந்தப் படிவத்தை மருத்துவர் சரியாக நிரப்ப வேண்டுமாயின் நோயாளி இலக்கங்களோடு செல்ல வேண்டும். இரண்டு வாரம் ஒரு கொப்பியில் எழுதி வைத்தாற் போதும்: காலை எழுந்து நிமிர எத்தனை நிமிடம், கதிரையில் எவ்வளவு நேரத்தில் காலுக்குள் இழுக்கத் தொடங்குகிறது, இரவில் எத்தனை தடவை விழிப்பு வருகிறது. இயந்திரம் பழுதானால் எத்தனை மணிக்கு, எந்தச் சுமையில் நின்றது என்று குறித்து வைக்கும் மனிதர், தம் உடம்புக்கு மட்டும் குறிப்பேடு வைப்பதில்லை.

இங்கே இளையோருக்கு ஒரு சொல். மருத்துவர் கேட்கிறார், "எப்படி இருக்கிறது?" தந்தை தமிழில், "பரவாயில்லை, சமாளிக்கிறன்" என்கிறார். பன்னிரண்டு வயது மகள் அதை அப்படியே ஆங்கிலமாக்கி, நன்றாக இருக்கிறார், சமாளிக்கிறார் என்று சொல்கிறாள். மருத்துவர் அதை எழுதிக்கொள்கிறார். ஓராண்டு கழித்துச் சபையின் கடிதத்தில் அந்த வரி திரும்பி வருகிறது: நோயாளி தேறி வருவதாகத் தாமே கூறியுள்ளார். மகள் பொய் சொல்லவில்லை. தந்தையும் பொய் சொல்லவில்லை. "பரவாயில்லை" என்பது யாழ்ப்பாணத்துத் தந்தை பிள்ளையின் முன்னால் சொல்லும் சொல். அதற்குள் எவ்வளவு நோவு இருக்கிறதென்று தமிழருக்குத் தெரியும், கோவைக்குத் தெரியாது. கால்மேசு போட மனைவியின் உதவி வேண்டியிருக்கிறது, மலசலகூடத்தில் இருந்து எழுவது கடினம் என்பவற்றை எந்தத் தகப்பனும் மகளின் வாயால் சொல்விக்க விரும்பமாட்டார். ஆகவே மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். சபை தன் அலுவல்களுக்கு மொழிபெயர்ப்பு வசதி செய்து தருகிறது. பிள்ளைகள் கடிதங்களைத் திகதிவாரியாக அடுக்கி வைக்கட்டும். அந்த உதவியே பெரிது.

இனி, வேலை தேடும் கட்டம். உறவினர்கள் அன்போடு யோசனை சொல்வார்கள். "டாக்சி ஓடலாமே, இருந்துகொண்டு செய்யிற வேலைதானே." இருக்கையும் அதிர்வும் சேர்ந்தது வாகன ஓட்டம், நாரித்தட்டுக்கு நீண்டநேர அதிர்வு நல்லதன்று. "காவலாளி வேலை." பன்னிரண்டு மணிநேரம் நிற்க வேண்டிவரும். "காசாளர்." நின்ற இடத்திலேயே நின்று, ஒரு பக்கம் திரும்பித் திரும்பிப் பொருள் எடுக்க வேண்டும். "சொந்தமாகப் பலசரக்குக் கடை." அரிசி மூட்டையை யார் இறக்குவது?

அரிசி மூட்டை என்றதும் ஒரு கணக்கு. அமெரிக்காவின் தேசியத் தொழிற்பாதுகாப்பு சுகாதார நிறுவனம் 1991 இல் திருத்தியமைத்த பாரந்தூக்கற் சமன்பாடு, எல்லா நிலைமையும் மிகச் சாதகமாக இருந்தால் உடல்நலமுள்ள ஒருவருக்கே 23 கிலோ என்று எல்லை வைக்கிறது. அந்தச் சாதகம் என்பது சுமை உடலை ஒட்டி, கணுக்கால்களிலிருந்து 25 சென்ரிமீற்றருக்குள் இருப்பதாகும். அதே சுமை 50 சென்ரிமீற்றர் தள்ளி இருந்தால் எல்லை பாதியாகி 11.5 கிலோ ஆகிறது. கடையில் வாங்கும் 40 இறாத்தல் அரிசி ஏறத்தாழ 18 கிலோ. காரின் பின்பெட்டிக்குள் எட்டிக் குனிந்து அதை இழுக்கும்போது நலமான முதுகே எல்லை தாண்டிவிடுகிறது. எடை மட்டும் கணக்கல்ல, தூரமும் கணக்கு. எத்தனை தடவை என்பதும் கணக்கு.

அப்படியானால் கணினி வேலையா? பிள்ளைகள் பெரும்பாலும் சொல்லும் விடை அதுவே. அதுவும் தானாகத் தகுந்ததாகிவிடாது. நாரித்தட்டுக் காயம் உள்ள பலருக்கு நிற்பதைவிட இருப்பதே கொடிது. ஏழு மணிநேரம் திரையின்முன் இருந்தபின், 401 நெடுஞ்சாலையில் மேலும் ஒன்றரை மணிநேரம் இருந்து வீடு வரும் இளைஞர்களே முப்பது வயதில் பிசியோதெரப்பிக்குப் போகிறார்கள். வேலையின் பெயரைப் பார்க்கக் கூடாது. அந்த வேலை ஒரு மணிநேரத்தில் உடம்பிடம் என்னென்ன கேட்கிறது என்று பார்க்க வேண்டும். இருந்தும் நின்றும் நடந்தும் மாறி மாறிச் செய்ய இடந்தரும் வேலைகளே பெரும்பாலும் நிலைக்கின்றன: பொருட்களின் தரம் பார்த்தல், கையிருப்புக் கணக்கெடுத்தல், வாகனங்களை அனுப்பும் மேசை, புதிதாக வந்தோருக்கு வழிகாட்டும் பணி, உயரம் மாறும் மேசையும் வீட்டிலிருந்து செய்யும் நாட்களும் கிடைக்கும் மென்பொருட் சோதனை. இவற்றிற் சிலவற்றுக்கு ஆங்கிலம் வேண்டும். ஆகவே காயத்துக்குப் பின்னான மீள்பயிற்சித் திட்டம் வகுக்கப்படும்போது ஆங்கிலப் பயிற்சியை முதலில் எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும். ஊரில் பெற்ற சான்றிதழ்களையும் அப்போதே மேசையில் வைக்க வேண்டும். பெட்டி தூக்கியவருக்கு வேறெதுவும் தெரியாது என்று கோவை எண்ணிக்கொள்ளும்.

ஏன் அப்போதே? காரணம் கசப்பானது. மணிக்கு 26 டொலர் உழைத்தவர் பழைய வேலைக்குத் திரும்ப முடியாது என்று முடிவானால், அவருக்குத் தகுந்த தொழில் எது என்று சபை தீர்மானிக்கிறது. அத்தொழிலுக்கு 20 டொலர் என்று வைத்துக்கொள்வோம். அந்த வேலை உண்மையில் அவருக்குக் கிடைத்திராவிட்டாலும், கிடைத்ததுபோற் கொண்டு, இடைவெளியான 6 டொலரை அடிப்படையாக வைத்தே இழப்பீடு கணக்கிடப்படலாம். 2007 ஆம் ஆண்டுத் திருத்தம் தகுந்த வேலை என்பதோடு கிடைக்கக்கூடிய வேலை என்பதையும் சட்டத்தில் சேர்த்தது. என்றாலும் வேலை சந்தையில் இருப்பது வேறு, ஐம்பத்தைந்து வயதில் ஊன்றுகோலோடு நேர்முகத்துக்கு வருபவருக்கு அது கிடைப்பது வேறு. காயமடைந்தோர் அமைப்புகள் நெடுங்காலமாக எதிர்த்துவரும் கணக்குமுறை இது. எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது. விபத்து நடந்து 72 மாதங்கள் கடந்தபின், சில விலக்குகள் தவிர, அந்தக் கணக்கு மீளாய்வுக்கு வராது. ஆகவே தகாத தொழிலொன்றின் பெயர் கடிதத்தில் வந்த அன்றே மறுக்க வேண்டும்.

வேலைக்குத் திரும்புவது பற்றிய தீர்மானங்களை மறுக்க 30 நாட்கள். ஏனைய தீர்மானங்களுக்கு 6 மாதங்கள். கடிதத்தின் திகதியிலிருந்து நாட்கள் ஓடுகின்றன. தொழிற்சங்கம் இல்லாத தொழிலாளிக்கு ஒன்ராறியோவின் தொழிலாளர் ஆலோசகர் அலுவலகம் கட்டணமின்றி உதவுகிறது. சமூகச் சட்ட உதவி நிலையங்கள் சிலவும் உதவுகின்றன. இலவசமாகக் கிடைக்கும் உதவி இருக்க, இழப்பீட்டில் பங்கு கேட்கும் இடைத்தரகரிடம் போகத் தேவையில்லை.

"படத்தில் ஒன்றும் தெரியவில்லை" என்பது இன்னொரு இடர். எம்.ஆர்.ஐ. படம் தெளிவாயிருக்கும், மனிதரோ நிமிரமாட்டார். உறவினரும் ஐயுறத் தொடங்குவர். நேற்றுக் கலியாண வீட்டில் நின்று சிரித்தாரே என்பர். அன்று இரவு அவர் பட்ட பாட்டை அவர்கள் கண்டாரில்லை. நோவா ஸ்கோசியா மாகாணத்தில் டொனால்ட் மார்ட்டின், பேருந்துச் சாரதி ரூத் லசேர் என்ற இருவரும் முதுகில் காயம்பட்டவர்கள். நாட்பட்ட நோவுக்கு வழக்கமான இழப்பீட்டை மறுத்து, நான்கு வாரச் சிகிச்சைத் திட்டம் ஒன்றோடு முடித்துவிட்டது அம்மாகாணச் சட்டம். கனடா உச்ச நீதிமன்றம் 2003 ஒக்ரோபரில் அந்தத் தடையைச் சமத்துவ உரிமைக்கு முரணானதென்று நீக்கியது. படத்தில் தெரியாத நோவும் உண்மையான நோவே என்பதை நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. கலியாண வீட்டார் இன்னும் ஏற்காதிருக்கலாம்.

எல்லா வேலைத்தளமும் இச்சபைக்குள் அடங்காது. காப்புறுதி நிறுவனங்கள், மென்பொருள் உருவாக்கும் நிறுவனங்கள் கட்டாயமாகச் சேரவேண்டியவை அல்ல. அங்கே பணிபுரிவோருக்கும், வேலைக்கு வெளியே பனியில் வழுக்கி விழுந்தோருக்கும் துணையாவது 1962 முதல் உள்ள ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டக்கோவை. தாங்கொணா இடர் என்று நிறுவும் எல்லைவரை, உடற்குறைக்கேற்ப வேலையை மாற்றியமைப்பது முதலாளியின் கடமை. விளம்பரத்தில் "50 இறாத்தல் தூக்க வேண்டும்" என்றிருந்தால் அதோடு கதை முடிந்துவிடவில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூன்றாண்டு காட்டுத்தீ அணைக்கும் பணியாற்றிய டோனி மியோரின் என்ற பெண், 2.5 கிலோமீற்றரை 11 நிமிடத்தில் ஓடும் புதிய சோதனையில் 49 விநாடிகள் பிந்தியதால் வேலையிழந்தார். 1999 இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது: அளவுகோல் வேலைக்கு உண்மையிலேயே இன்றியமையாதது என்று முதலாளியே நிறுவ வேண்டும்.

நேர்முகத்தில் நோயைச் சொல்ல வேண்டுமா என்று பலர் கேட்பதுண்டு. விண்ணப்பப் படிவத்தில் அதைக் கேட்க முதலாளிக்கு உரிமையில்லை. வேலை தருவதாகச் சொன்னபின், செயற்றிறன் படிவத்தின் இலக்கங்களோடு, என்ன தேவை என்பதை எழுத்தில் கேட்பது பெரும்பாலும் நல்லது. "முதுகு சரியில்லை" என்று எழுத வேண்டாம். "30 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து 5 நிமிடம் நடக்க வேண்டும், 5 கிலோவுக்கு மேல் தூக்க இயலாது, உயரம் மாற்றக்கூடிய மேசை வேண்டும்" என்று எழுதலாம். பிரதியொன்றை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வாயிலருகே உள்ள மேசையில் செயற்றிறன் படிவத்தின் மாதிரிப் பிரதிகள் வைக்கப்பட்டுள்ளன. இன்றிரவு ஒன்றை எடுத்துச் சென்று, தந்தையோடோ தாயோடோ இருந்து, பென்சிலால் நிரப்பிப் பாருங்கள்.